கழுத்துக் கட்டியும் மனக் கலக்கமும்

மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற ஒரு பெண்மணி, அறுவை, மருந்து, கதிர்ச் சிகிச்சை ஆகிய படிகளையெல்லாம் கடந்து, இனித் தம் வாழ்வு பழைய வழியில் செல்லும் என்று ஆறுதல் கொள்ளும் வேளையில், வேறொரு காரணத்துக்காக எடுத்த ஸ்கேன் அறிக்கையின் கடைசி வரி அவரைத் திடுக்கிட வைக்கிறது. 'தைராய்டுச் சுரப்பியில் சிறு கட்டி காணப்படுகிறது' என்பதே அவ்வரி. நோய் திரும்பிவிட்டதா, புதியதொரு நோய் பிறந்துவிட்டதா, மீண்டும் கத்தியா, மீண்டும் 'கரண்டா' என்னும் கேள்விகள் அந்த வீட்டில் எழுகின்றன. அன்றிரவு அவ்வீட்டில் ஒருவரும் உறங்குவதில்லை.

இத்தகைய கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை தீங்கற்றவை. எஞ்சியவற்றிலும் பல மெதுவாக வளர்பவை. ஆகவே இங்கு வேண்டுவது அவசரமும் அன்று, அலட்சியமும் அன்று. ஒழுங்கான சில வினாக்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டு விடை காண்பதேயாகும். அவ்வினாக்கள் யாவை, அவற்றுக்கு மருத்துவம் இன்று கூறும் விடைகள் யாவை என்பதை ஈண்டு விளக்க முற்படுகிறோம்.

நெய்யாற்றின்கரை, பாறசாலை வட்டாரத்து எல்லைக் கிராமங்களை மனத்தில் கொண்டே இதனை எழுதுகிறோம். 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் மாநிலங்கள் மொழிவழியே சீரமைக்கப்பட்டபோது, தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுக்காக்கள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுக்கா கேரளத்தில் நின்றது. கோடு நிலத்தின்மேல் விழுந்ததேயன்றிக் குடும்பங்களுக்கு இடையே விழவில்லை. களியக்காவிளைச் சந்தைக்கு இப்பாலும் அப்பாலும் பெண் கொடுத்தும் கொண்டும் வாழ்கின்ற இம்மக்களில் பலருக்கு வீட்டில் தமிழ், வெளியில் மலையாளம், மருத்துவ அறிக்கையிலோ ஆங்கிலம். நோயாளி கேட்கும் செய்தி இந்த மூன்று மொழிகளைக் கடந்தே அவர் காதை வந்தடைகிறது. கடந்துவரும் வழியில் அது பெரும்பாலும் கடுமை கூடியே வருகிறது.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நாம் முதலில் இச்சொற்களையே சற்று ஆராய்வோம். அறிக்கையில் வரும் 'நாட்யூல்' என்னும் சொல் சுற்றியுள்ள திசுவினின்று வேறுபட்டுத் திரண்டு நிற்கும் ஒரு சிறு பகுதியைக் குறிக்கிறது. அது வடிவத்தைக் கூறுமேயன்றித் தன்மையைக் கூறாது. நாம் அதனைக் 'கட்டி' என்கிறோம். மலையாளத்தில் 'முழ' என்கிறார்கள். மார்பில் வந்ததும் கட்டிதான், கழுத்தில் கண்டதும் கட்டிதான் என்று ஒரே சொல் இரண்டுக்கும் வழங்குவதால், இரண்டும் ஒன்றே என்ற மயக்கம் பிறக்கிறது. 'இன்சிடென்டல்' என்ற சொல்லுக்குத் 'தற்செயலாகக் கண்ணில் பட்டது' என்பது பொருள். 'திடீரென்று தோன்றியது' என்பது பொருளன்று. பல ஆண்டுகளாக அங்கேயே இருந்திருக்கக்கூடிய ஒன்றை இன்று கருவி கண்டது, அவ்வளவே. 'இன்டிடெர்மினேட்' என்று எழுதியிருந்தால், 'இதுவரை செய்த பரிசோதனையைக் கொண்டு முடிவு கூற இயலவில்லை' என்று கொள்ள வேண்டும். அதனைச் 'சந்தேகமாம்' என்று பெயர்த்து அண்டை வீட்டில் சொல்லும்போது, அது 'புற்றுநோயாம்' என்று மாறி அடுத்த தெருவை அடைந்துவிடுகிறது.

இனிச் சுரப்பியைப் பற்றிச் சில சொற்கள். தைராய்டு என்பது கழுத்தின் முன்புறம், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, மூச்சுக் குழாயை அணைத்தபடி, சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சி போன்று அமைந்த ஒரு சிறு சுரப்பி. நாம் உண்ணும் உப்பிலும் மீனிலும் உள்ள அயோடினைக் கொண்டு உடலின் இயக்க வேகத்தை ஆளும் நீரை அது சுரக்கிறது. இச்சுரப்பியில் சிறு திரட்சிகள் உண்டாவது மிகவும் இயல்பான நிகழ்ச்சி. கையால் தடவி அறியக்கூடிய கட்டிகள் நூறு பேரில் 4 முதல் 7 பேர் வரை காணப்படுகின்றன. ஆனால் அல்ட்ராசவுண்டு கருவியால் தேடினாலோ, ஐந்தில் ஒருவர் முதல் மூவரில் இருவர் வரை ஏதேனும் ஒரு கட்டி தென்படுவதாகப் பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. ஆடவரினும் பெண்டிர்க்கும், இளையோரினும் முதியோர்க்கும் அவை மிகுதி. மார்பகப் புற்றுநோயாளிகளுள் பெரும்பாலோர் நடுவயது கடந்த பெண்களாதலின், அவர்களை ஸ்கேன் செய்யும்போது தைராய்டுக் கட்டி அகப்படுவது வியப்பன்று. மருத்துவர் ஆராய்ந்து பார்க்கும் இக்கட்டிகள் நூற்றில் ஏறத்தாழ 5 முதல் 15 வரையே புற்றாக முடிகின்றன.

அப்படியாயின், மார்பில் இருந்த நோயே கழுத்துக்கு ஏறிவிட்டதோ என்பது முதல் வினா. மார்பகப் புற்று தைராய்டுச் சுரப்பிக்குள் பரவுவது நிகழாததன்று. எனினும் அது அரிது. அந்நோய் கழுத்துப் பக்கம் வருமாயின், பெரும்பாலும் காறை எலும்புக்கு மேலுள்ள நிணநீர் முடிச்சுகளிலேயே தங்குகிறது. இவ்விரண்டையும் பிரித்தறிய மருத்துவர் கையாளும் எளிய முறை ஒன்று உண்டு. நோயாளியை ஒரு வாய் தண்ணீர் விழுங்கச் சொல்லிக் கழுத்தை நோக்குவார். தைராய்டுச் சுரப்பியைச் சேர்ந்த கட்டி விழுங்கும்போது மேலெழும்பிக் கீழிறங்கும். மற்றவை பொதுவாக அசையா. உறுதி செய்ய அல்ட்ராசவுண்டு உதவும்.

இரண்டாவது வினா, இவ்விரு நோய்களுக்கும் உறவு உண்டா என்பது. உண்டு, ஆனால் சிறிது. 2016-ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்குத் தைராய்டுப் புற்று வரும் வாய்ப்பு மற்றவர்களினும் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு என்று மதிப்பிட்டது. 'ஒன்றரை மடங்கு' என்றவுடன் அஞ்சுதல் வேண்டா. சிறியதொரு எண்ணை ஒன்றரையால் பெருக்கினால் வருவதும் சிறிய எண்ணே. மேலும், இவர்கள் அடிக்கடி பரிசோதிக்கப்படுவதால் கண்டுபிடிப்பும் மிகுகின்றது. கௌடன் நோய்த்தொகுதி போன்ற, பரம்பரையாக வரும் அரிய மரபணுக் கோளாறுகளில் மட்டும் மார்பகம், தைராய்டு ஆகிய இரண்டிலும் புற்று வரும் வாய்ப்பு மிகுந்திருக்கும். குடும்பத்தில் பலருக்கு, இளவயதிலேயே, இந்நோய்கள் வந்திருப்பின் அதனை மருத்துவரிடம் தவறாது கூறுதல் வேண்டும்.

மூன்றாவது வினா இவ்வட்டாரத்துக்கே உரியது. மணவாளக்குறிச்சி முதல் சவறை வரை கடற்கரையில் கிடக்கும் மோனசைட்டு மணலின் கதிர்வீச்சே இதற்குக் காரணம் என்பாரும், மரச்சீனிக் கிழங்கே காரணம் என்பாரும் உளர். மணலைப் பற்றிக் கொல்லம் மாவட்டத்துக் கருநாகப்பள்ளியில் நெடிய ஆய்வு ஒன்று நிகழ்ந்தது. 69,958 மக்களைச் சராசரியாகப் பத்து ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கவனித்து 2009-இல் வெளியிட்ட அவ்வாய்வு, இயற்கைக் கதிர்வீச்சு மிகுந்த இடங்களில் புற்றுநோய் கூடியிருப்பதாகக் காணவில்லை. மரச்சீனியில் உள்ள ஒருவகை நச்சுச் சத்து, உடலில் மாறி, தைராய்டு அயோடினைப் பெறுவதைத் தடுக்கவல்லது என்பது உண்மையே. ஆயினும் கிழங்கை நிறைய நீரில் வேகவைத்து வடித்து, அயோடின் கலந்த உப்பையும் மீனையும் உண்போர்க்கு அது பெரும் இடரன்று. இந்தியாவில் கழலை நோய்த் தடுப்புத் திட்டம் 1962 முதலே நடந்து வருகிறது. ஆகவே, தம் ஊர் மணலையோ, தாம் உண்ட கிழங்கையோ நொந்துகொண்டு எந்தத் தாயும் வருந்த வேண்டுவதில்லை.

எனினும், இம்மாவட்டத்தைப் பற்றிய ஒரு செய்தியை மறைத்தலும் தகாது. திருவனந்தபுரத்தில் மண்டலப் புற்றுநோய் மையம் 1981-இல் நிறுவப்பட்டது. இம்மாவட்டத்தின் புற்றுநோய்ப் பதிவேடு, பெண்களிடையே தைராய்டுப் புற்று இந்தியாவின் ஏனைய பல பகுதிகளைவிட இங்கு மிகுதியாகப் பதிவாவதையும், இந்நூற்றாண்டில் அத்தொகை விரைந்து ஏறியதையும் காட்டுகிறது. ஆனால் இந்நோயால் இறப்போர் தொகை அதற்கேற்ப ஏறவில்லை. நோய் பெருகினால் சாவும் பெருக வேண்டுமன்றோ? பெருகாமையின், ஏற்றத்தின் பெரும் பங்கு கருவிகளின் பெருக்கத்தால் வந்ததோ என்று ஆராய்ச்சியாளர்கள் 2017 முதல் வெளிப்படையாகவே வினவி வருகிறார்கள். வாழ்நாள் முழுதும் தொல்லை தராது கிடந்திருக்கக்கூடிய நுண்ணிய புற்றுகளைத் தேடிப் பிடித்து நோயாக்குவதை 'மிகைக் கண்டறிதல்' என்று கூறலாம்.

இதற்குத் தென்கொரியா தெளிவான சான்று. அந்நாட்டில் 1999 முதல் அரசு புற்றுநோய்ச் சோதனைத் திட்டத்தை நடத்திற்று. தைராய்டு அத்திட்டத்தில் இல்லையெனினும், சோதனைக்கு வந்தவர்களுக்குச் சிறு கட்டணத்தில் கழுத்து அல்ட்ராசவுண்டும் செய்யப்பட்டது. விளைவு யாதெனில், 2011-இல் தைராய்டுப் புற்றுநோய் 1993-இல் இருந்ததைப்போல் ஏறத்தாழ 15 மடங்காகப் பதிவாயிற்று. இறப்போ அசையாமல் நின்றது. ஆயிரக்கணக்கானோர் சுரப்பியை இழந்து மாத்திரையை நம்பி வாழ நேர்ந்தது. 2014-இல் அந்நாட்டு மருத்துவர் சிலரே இதனை எதிர்த்துக் குரல் எழுப்பினர். அடுத்த ஓராண்டுக்குள் இவ்வறுவைகள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தன.

ஜப்பானில் கோபே நகரத்துக் கூமா மருத்துவமனை வேறொரு வழியைக் காட்டியது. ஒரு சென்டிமீட்டருக்கு உட்பட்ட, ஆபத்துக் குறிகளற்ற தைராய்டுப் புற்றுகளை உடனே அறுக்காமல் தவணை முறையில் கவனித்து வரும் பழக்கத்தை அது 1993-இல் தொடங்கிற்று. அவ்வாறு கவனிக்கப்பட்ட 1,235 பேரைப் பற்றி 2014-இல் வந்த அறிக்கையின்படி, பத்தாண்டுகளில் கட்டி வளர்ந்தது நூற்றில் 8 பேருக்கு. நிணநீர் முடிச்சில் பரவியது நூற்றில் ஏறத்தாழ 4 பேருக்கு. அவர்களுக்குப் பின்னர் அறுவை செய்தும் பயன் குன்றவில்லை. அந்நோயால் ஒருவரும் இறக்கவில்லை. உறுதியான புற்றுக்கே இந்நிலை என்றால், தன்மை அறியப்படாத ஒரு சிறு கட்டிக்காக ஒரே வாரத்தில் முடிவெடுக்க வேண்டுமா என்பதை நேயர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

இனிச் செய்யத்தக்கவற்றை முறையாகக் காண்போம். முதற்படி, தைராய்டின் இயக்கத்தை அறியும் டி.எஸ்.எச். என்னும் இரத்தப் பரிசோதனை. மருந்துச் சிகிச்சையால் கொட்டிய முடி வளர வேண்டும் என்று பலர் பயோட்டின் மாத்திரை உட்கொள்கிறார்கள். அது சில ஆய்வுக்கூடங்களின் கணக்கைப் பிறழச் செய்யும். ஆகையால் பரிசோதனைக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்னரே அதனை நிறுத்த வேண்டும். காறை எலும்புப் பகுதியில் கதிர்ச் சிகிச்சை பெற்றவர்களுக்குத் தைராய்டுச் சுரப்பு காலப்போக்கில் குறையவும் கூடும். அயர்ச்சி, உடல் கனத்தல், குளிர் தாங்காமை ஆகியவற்றை 'நோய்க்குப் பிந்திய தளர்ச்சி' என்று தள்ளிவிடாமல், இச்சோதனையைக் கேட்டுப் பெறுவது நன்று.

இரண்டாம் படி, கழுத்துக்கென்றே செய்யும் அல்ட்ராசவுண்டு. மார்பை நோக்கி எடுத்த சி.டி. ஸ்கேன் கட்டி உண்டு என்று காட்டுமேயன்றி, அதன் குணத்தைக் காட்டாது. அல்ட்ராசவுண்டில் கட்டியின் உட்பொருள், சாயல், வடிவம், விளிம்பு, உள்ளே மின்னும் புள்ளிகள் ஆகிய ஐந்தையும் பார்த்து மதிப்பெண் இடுவர். 'டைராட்ஸ்' என்று அறிக்கையில் காணப்படுவது இதுவே. 2017-இல் அமெரிக்கக் கதிரியல் நிபுணர் கழகம் வகுத்த முறைப்படி, முதலிரண்டு படிகளுக்கு ஊசிப் பரிசோதனை வேண்டுவதில்லை. மூன்றாம் படிக்கு 2.5 சென்டிமீட்டரும், நான்காம் படிக்கு 1.5 சென்டிமீட்டரும், ஐந்தாம் படிக்கு 1 சென்டிமீட்டரும் எட்டினால்தான் ஊசி. ஒரு சென்டிமீட்டர் என்பது ஒரு கொண்டைக்கடலை அளவு.

பெட் ஸ்கேனில் கண்டவருக்கு மட்டும் ஒரு தனிக் குறிப்பு. சுரப்பி முழுவதும் பரவலாக ஒளிர்ந்தால் அது பெரும்பாலும் சுரப்பி அழற்சியே. ஓரிடத்தில் மட்டும் குவிந்து ஒளிர்ந்தால், அத்தகையவற்றில் மூன்றில் ஒன்று அளவுக்குப் புற்றாக இருக்கக்கூடும். ஆதலின் ஒரு சென்டிமீட்டர் எட்டிய கட்டியை ஊசியால் சோதிப்பது முறை. இதனைத் தள்ளிப்போடுதல் கூடாது.

மூன்றாம் படி, ஊசிப் பரிசோதனை. இரத்தம் எடுக்கும் ஊசியினும் மெல்லிய ஊசியால் சில உயிரணுக்களை உறிஞ்சி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். படுக்கையில் சேர வேண்டுவதில்லை. அன்றே வீடு திரும்பலாம். 'குத்தினால் பரவிவிடும்' என்று நம் ஊர்களில் கூறும் அச்சத்துக்குப் பெரிதும் ஆதாரமில்லை. அவ்வாறு நிகழ்வது மிக மிக அரிது. இரத்தம் உறையாமைக்கு மருந்து உண்போர் அதனை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

இதன் முடிவு 'பெதஸ்தா' என்ற தலைப்பில் ஆறு வகைகளுள் ஒன்றாக வரும். எருசலேமில் நோயாளிகள் காத்துக் கிடந்த குளத்தின் பெயராக வேதாகமம் படிப்போர் இதனை அறிவர். அமெரிக்காவில் அப்பெயர் தாங்கிய ஊரில் 2007-இல் கூடிய நிபுணர்கள் வகுத்த முறையாதலின் இப்பெயர் வந்தது. முதல் வகை, போதிய அணுக்கள் கிடைக்கவில்லை, மீண்டும் எடுக்க வேண்டும் என்பது. இரண்டாம் வகை, தீங்கற்றது. மூன்றும் நான்கும் உறுதி கூற இயலாதவை; மறுசோதனையோ மேற்சோதனையோ வேண்டும். ஐந்தாம் வகை, புற்று என்று ஐயுறத்தக்கது. ஆறாம் வகை, புற்று. ஆகவே 'மூன்று' என்று வந்தால் அது 'மூன்றாம் கட்டப் புற்றுநோய்' அன்று. கட்டம் வேறு, வகை வேறு. இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டு வீட்டார் கண்ணீர் வடிப்பது உண்டு.

அறுவையே தேவை என்று முடிவானால் அஞ்ச வேண்டா. தைராய்டுப் புற்றில் பெரும்பாலான வகைகள், சுரப்பிக்குள் அடங்கியிருக்கையில், சிறப்பாகக் குணமாகின்றன. ஆனால் அறுவைக்கும் ஒரு விலை உண்டு. குரலை ஆளும் நரம்பும், இரத்தத்தின் கால்சியத்தைக் காக்கும் நான்கு சிறு சுரப்பிகளும் தைராய்டை ஒட்டியே உள்ளன. சுரப்பி முழுவதையும் எடுத்தால் வாழ்நாள் முழுதும் காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை உண்ண வேண்டும். மார்பகப் புற்றுக்காக லெட்ரோசோல் போன்ற மருந்துகளை உண்போர், எலும்பு காக்கக் கால்சியமும் உண்பர். அதனைத் தைராய்டு மாத்திரையோடு சேர்த்து விழுங்கினால் தைராய்டு மருந்து உடலில் சேராது. நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். முழுச் சுரப்பியையும் எடுக்க வேண்டுமா, பாதி போதுமா, கவனித்துக்கொண்டு காத்திருக்கலாமா என்று மருத்துவரைக் கேட்பது அவமரியாதையன்று. அது நோயாளியின் உரிமை.

காத்திருத்தல் என்பது மறந்திருத்தல் அன்று. மருத்துவர் குறித்த தவணையில் அல்ட்ராசவுண்டு செய்து, பழைய அளவோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே அதன் பொருள். கட்டி விரைந்து வளர்ந்தாலும், குரல் கம்மி நீடித்தாலும், விழுங்கவோ மூச்சுவிடவோ தடை தோன்றினாலும், கழுத்தின் பக்கத்தில் வேறு முடிச்சு தட்டுப்பட்டாலும் தவணையை எதிர்பாராது செல்ல வேண்டும். மற்றபடி, குறி ஏதுமின்றி நலமாக இருப்போர், 'எதற்கும் ஒரு முறை பார்த்துவிடுவோம்' என்று ஆண்டுதோறும் உடல் முழுவதையும் ஸ்கேன் செய்ய வேண்டுவதில்லை. மருத்துவரின் நேரடிச் சோதனையும், எஞ்சிய மார்பகத்துக்கு ஆண்டுக்கு ஒரு முறை மாமோகிராமுமே அவர்களுக்கு விதிக்கப்படுபவை.

நெய்யாற்றின்கரையிலிருந்தும் பாறசாலையிலிருந்தும் திருவனந்தபுரத்துக்கும், எல்லைக்கு அப்பால் உள்ள மருத்துவமனைகளுக்கும் மாறிமாறிச் செல்வோர், எல்லா அறிக்கைகளையும் நாள்வரிசைப்படி ஒரே கோப்பில் கொண்டு செல்வாராக. பழைய ஸ்கேனில் அதே கட்டி அதே அளவில் இருந்தது என்று தெரிந்தால், அதுவே பாதி ஆறுதல். உடன் செல்பவர், மருத்துவர் சொன்னதை அவர் சொன்ன சொல்லிலேயே எழுதிக்கொண்டு, அளவு என்ன, எந்தப் படி, எந்த வகை, அடுத்த தவணை எப்போது என்ற நான்கையும் குறித்து வர வேண்டும்.

வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள். ஒரு முறை புற்றுநோயைக் கண்டவருக்கு ஒவ்வொரு வலியும் அதன் காலடி ஓசையாகவே கேட்கும். இது கோழைத்தனம் அன்று, பட்டறிவு. அவரிடம் 'ஒன்றுமில்லை, பேசாமல் இரு' என்று வாயடைப்பதும் தவறு. அவர் அறியாமல் கூடிக் கூடிப் பேசுவதும் தவறு. மேற்கூறிய நான்கு குறிப்புகளையும் அவர் மொழியில், அவர் முகம் பார்த்து, கூட்டாமலும் குறைக்காமலும் சொல்லுங்கள். அடுத்த தவணை வரையிலான மாதங்களை அவர் தம் பேரக்குழந்தைகளோடும், தம் தோட்டத்து வாழைகளோடும் மன நிறைவாகக் கழிப்பதற்கு அது பெரிதும் துணைசெய்யும்.